விடுதியைச் சீரமைக்கப் பணம் வந்திருக்கிறது; பிள்ளைகளின் மனத்துக்கு எது உதவும்?

வார்டன்_காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரி விடுதியின் காப்பாளராக இருக்கிறேன். பழைய மாணவியர் சேர்ந்து விடுதியைச் சீரமைக்க ஒரு தொகை கொடுத்திருக்கிறார்கள். மாணவிகளின் மனநலத்துக்கு உதவும்படி செலவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. நிர்வாகக் குழு கூடிப் பேசி, அறைகளுக்கு வெளிர்நீல எமல்ஷன், வராந்தாவில் வண்ணத்துப்பூச்சி ஓவியங்கள், மாடிப்படி நெடுகத் தன்னம்பிக்கை வாசகங்கள் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. கோடை விடுமுறையில் வேலை தொடங்க வேண்டும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டடம் பழையது. நடுவில் நீண்ட வராந்தா, இரு பக்கமும் அறைகள். அறைக்கு நான்கு பேர், ஒரே டியூப்லைட், ஒரே மின்விசிறி. சாலைப் பக்க ஜன்னல்களின் கீழ்க் கண்ணாடிகளுக்கு எந்தக் காலத்திலோ பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். பத்தரை மணிக்கு அறைத்தோழிகள் விளக்கை அணைத்த பிறகு படிக்க வேண்டியவள் வராந்தா விளக்கின் கீழ்த் தரையில் உட்காருகிறாள். அம்மாவிடம் பேச வேண்டியவள் மாடிப்படிக்குப் போகிறாள். அழ வேண்டியவளுக்குக் குளியலறையை விட்டால் வேறு இடம் இல்லை. இத்தனையும் தினம் என் கண்ணில் படுகின்றன. வெளிர்நீலம் இதில் எதை மாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டடக்கலை தெரிந்தவர்களும் மனநலம் தெரிந்தவர்களும் விடுதியில் வாழ்ந்தவர்களும் சொல்லுங்கள். குழுவிடம் எதைக் கேட்பது?

செங்கல்_சன்னல் எழுதியது:

அம்மா, நான் கட்டட வடிவமைப்பாளன். கல்லூரிக் கட்டடங்களில் வேலை செய்திருக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. படிக்க ஓர் இடம், பேச ஓர் இடம், அழ ஓர் இடம் என்று மூன்றைச் சொன்னீர்கள். மூன்றுமே நான்கு பேர் ஒரே சுவிட்சை நம்பி வாழ்வதால் வரும் சிக்கல்கள்.

முதல் செலவு மின்சார வேலைக்குப் போகட்டும். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிறு விளக்கு, படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் அதற்கான சுவிட்ச், பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். விளக்கு ஐந்து வாட் எல்.இ.டி. போதும், ஒளி மஞ்சளாக, கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கணக்கில் 2,700 முதல் 3,000க்குள் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை 'வார்ம் ஒயிட்' என்பார்கள். நம் வீடுகளிலும் விடுதிகளிலும் பழகிப்போன வெள்ளை டியூப்லைட் 6,500 கெல்வின். பகலுக்கு அது சரி. இரவு பதினொரு மணிக்கு அறை முழுக்க அதை எரியவிட்டால் தூங்க நினைப்பவளின் உடம்பு இன்னும் பகல் முடியவில்லை என்று எண்ணும்.

இது வெறும் ரசனை சார்ந்த பேச்சில்லை. பார்வைக்கான உயிரணுக்களோடு, நீல ஒளிக்கு எளிதில் தூண்டப்படும் தனி வகை உயிரணுக்களும் விழித்திரையில் உண்டு என்பது 2002 வாக்கில் உறுதியானது. உடற்கடிகாரத்துக்கு நேரம் சொல்வது அவைதான். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதும் அந்தச் செய்தியைப் பொறுத்தது. ஒருத்தி படிக்க மூவர் விழித்திருக்க வேண்டிய அறையில் தூக்கமும் கெடும், நட்பும் கெடும்.

மூன்றாம்_மாடி எழுதியது:

நான் இறுதியாண்டு மாணவி. வேறு ஊர், வேறு விடுதி. எங்கள் அறை மேல்தளத்தில் இருக்கிறது. ஏப்ரலில் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவு இரண்டு மணி வரை அனலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுழற்றும். தேர்வு வருவதும் அந்த மாதத்தில்தான். அந்த நாட்களில் எங்களுக்குள் நடக்கும் சண்டைகளைக் கேட்டால் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும்: வாளி, கொடியில் துணி காயப்போடும் முறை, அலாரம். மழை பெய்த மறுநாள் அதே பெண்கள் ஒருவருக்கொருவர் தலை பின்னிவிடுவோம்.

அக்கா, சுவருக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள். மேல்தளப் பெண்களை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தன்னம்பிக்கை வாசகங்கள் எங்கள் படிக்கட்டிலும் இருக்கின்றன. அரியர் வைத்த அன்று "உன்னால் முடியும்" என்ற எழுத்தைக் கடந்து அறைக்குப் போவது எவ்வளவு கனமாக இருக்கும் என்று எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

செங்கல்_சன்னல் எழுதியது:

தங்கை சொல்வது முற்றிலும் சரி. வெப்பத்தை நாம் உடல் சார்ந்த அவதியாக மட்டுமே கணக்கில் வைக்கிறோம். 2016 கோடையில் பாஸ்டன் நகரில் வெப்ப அலை வந்தபோது ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 44 மாணவர்களைப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து சோதித்தார்கள். ஒரு பகுதியினர் குளிரூட்டிய விடுதியில், மற்றவர்கள் குளிரூட்டாத பழைய விடுதியில் இருந்தார்கள். காலையில் எழுந்ததும் செய்த கவனச் சோதனையில், வெப்பமான அறையில் தூங்கியவர்கள் பதில் சொல்ல ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கணக்குச் சோதனையிலும் பின்தங்கினார்கள். அத்தனை பேரும் இளைஞர்கள், நல்ல உடல்நலம் உள்ளவர்கள்.

நாம் எல்லா அறைக்கும் ஏ.சி. போட முடியாது, தேவையும் இல்லை. மொட்டை மாடியில் பழைய தட்டோடு பெயர்ந்திருந்தால் சரிசெய்து, மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு போடுங்கள். சுண்ணாம்புகூடப் பயன் தரும். என்ன, மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அறைக்குள் நான்கு பேருக்கு ஒரு விசிறி என்றால் ஓர் ஓரத்துக் கட்டிலுக்குக் காற்றே போகாது. கட்டில் வரிசையைப் பார்த்து இரண்டு சிறிய சுவர் விசிறிகள் சேர்க்கலாம்.

உளமருத்துவர்_கோவை எழுதியது:

காப்பாளர் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறேன். மனச்சோர்வை ஜன்னலோ விளக்கோ குணப்படுத்தாது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்தப் பணியிடம் உங்கள் கல்லூரியில் காலியாக இருந்தால் அதையும் இதே கூட்டத்தில் கேளுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் எண் 14416 ஒவ்வொரு தளத்திலும், குளியலறைக் கதவின் உட்புறத்திலும் இருக்கட்டும். வாசகங்களுக்கு ஒதுக்கிய சுவரில் அந்த எண் வந்தால் நான் மகிழ்வேன்.

அறை பற்றி இப்போது. என்னிடம் வரும் கல்லூரிப் பிள்ளைகள் பலரிடம் நான் கேட்கும் கேள்வி: "யாரும் உன்னைப் பார்க்காமல் அரைமணி நேரம் நீ எங்கே இருக்க முடியும்?" விடுதிப் பிள்ளைகளில் பலருக்கு விடை தெரியாது. தனிமைக்கும் ஒதுங்கிக்கொள்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. விரும்பும்போது தனியாக இருக்க முடிந்தவள்தான் பிறகு விரும்பி வெளியே வந்து நாலு பேரோடு உட்காருவாள். கட்டிலைச் சுற்றி ஒரு திரை இருந்தாலே அந்தத் தனிமை கொஞ்சம் கிடைக்கும்.

இதற்குப் பழைய, நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 1970களில் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று உங்களுடையதைப் போல நீண்ட வராந்தா. மற்றொன்றில் சில அறைகள் சேர்ந்து ஒரு சிறு கூடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒருவருக்குக் கிடைத்த பரப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் வராந்தா விடுதிக்காரர்கள்தாம் நெரிசலாக உணர்ந்தார்கள், மற்றவர்களைத் தவிர்த்தார்கள்; ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு உட்காரவைத்தபோதுகூடத் தள்ளி உட்கார்ந்தார்கள். கதவைத் திறந்தால் யார் எதிரில் வருவார் என்று தெரியாத வாழ்க்கை மனிதரை அப்படிப் பழக்கிவிடுகிறது.

பெற்றவள்_மணப்பாறை எழுதியது:

என் மகள் விடுதியில்தான் படிக்கிறாள். டாக்டர் ஐயா தனிமை வேண்டும் என்கிறார். எனக்கு அதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. பிள்ளை திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே என்ன நினைக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? நாளிதழைத் திறந்தால் என்னென்னவோ செய்திகள். கதவு திறந்தே இருக்கட்டும், வராந்தாவில் கேமரா இருக்கட்டும், நாலு பேர் கண் முன்னால் இருந்தால்தான் பாதுகாப்பு. மொட்டை மாடியையும் பூட்டியே வையுங்கள் அம்மா.

மூன்றாம்_மாடி எழுதியது:

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. என் அம்மாவும் இதையேதான் சொல்வார். ஆனால் நாலு பேர் கண் முன்னால் இருந்துகொண்டே ஒருத்தி மாதக்கணக்கில் வாடிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணில் படுவது வேறு, கவனிக்கப்படுவது வேறு. அவள் மனம்விட்டுப் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்ற இருவரும் ஊருக்குப் போய் அறை காலியானபோதுதான். அந்த மாதிரி ஒரு மூலை சாதாரண நாளிலும் இருந்திருந்தால் முன்பே பேசியிருப்பாள்.

உளமருத்துவர்_கோவை எழுதியது:

பெற்றவரின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. நான் மேலே சொன்ன வழிகாட்டுதலிலேயே, உறைவிட நிறுவனங்களில் மின்விசிறிகளுக்குப் பாதுகாப்புச் சாதனம் வேண்டும், மொட்டை மாடி, பால்கனி போன்ற இடங்களுக்குப் போவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. அவை தேவை. தற்கொலை எண்ணம் மேலோங்கும் கணங்கள் பெரும்பாலும் குறுகியவை. அந்தக் கணத்தைத் தள்ளிப்போடும் எதுவும் உயிரைக் காக்கும்.

ஆனால் பூட்டோடு நின்றுவிடக் கூடாது. மொட்டை மாடியைப் பூட்டும்போது பிள்ளைகளிடமிருந்து வானத்தையும் காற்றையும் எடுத்துவிடுகிறோம். அதைத் தரைத்தளத்தில் திருப்பிக் கொடுங்கள். மரத்தடியில் நாலு சிமென்ட் பெஞ்ச், இரவு ஒன்பது மணி வரை திறந்த வாசல், மங்கலான விளக்கு. அறைக்குள் திரை என்பது பூட்டிய கதவு இல்லை. பக்கத்துக் கட்டிலில் தோழி இருக்கிறாள், குரல் கேட்கும். வராந்தா கேமரா பற்றி நிர்வாகம் முடிவு செய்யட்டும். அறைக்குள்ளும் பேசும் இடங்களிலும் கண்டிப்பாக வேண்டாம்.

கடல்கடந்தவன் எழுதியது:

தனி அறை, தனிக் கதவு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்கக் கோடீஸ்வரர் சார்லி மங்கர் சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விடுதித் திட்டம் வைத்தார். 20 கோடி டாலர் நன்கொடை, பதினொரு மாடி, ஏறத்தாழ 4,500 மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கையறை. ஆனால் 94 விழுக்காடு அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. பதிலுக்கு ஜன்னல் போன்ற செயற்கை விளக்கு. அறை சிறிதாக, ஜன்னலில்லாமல் இருந்தால் பிள்ளைகள் பொதுக்கூடத்துக்கு வந்து பழகுவார்கள் என்பது அவர் வாதம். பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் குழுவில் இருந்த டெனிஸ் மெக்ஃபேடன் என்ற கட்டடக்கலைஞர் 2021 அக்டோபரில் பதவி விலகினார். கட்டடக்கலைஞராகவும் தகப்பனாகவும் மனிதராகவும் இதை ஏற்க முடியாது என்பது அவர் கடிதத்தின் சாரம். 2023இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

நல்லெண்ணத்தோடு பெரும்பணம் கொடுப்பவர்கூட அங்கே தூங்கப் போகிறவரைக் கேட்காமல் வரைந்தால் இப்படித்தான் ஆகும். காப்பாளர் அம்மா, உங்கள் மாணவிகளிடம் கேட்டீர்களா?

வார்டன்_காவிரிக்கரை எழுதியது:

தளத்துக்கு ஒரு கூட்டமாக உட்கார்ந்து கேட்டேன் தம்பி. நிறத்தைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. பூட்டும் வசதியுள்ள அலமாரி, தலைமாட்டு விளக்கு, போன் பேச இடம், பெயின்ட் அடிக்காத ஜன்னல். திரும்பத் திரும்ப இவைதான். ஜன்னலில்தான் சிக்கல். சாலையில் போகிறவர்கள் உள்ளே பார்க்கிறார்கள் என்று நிர்வாகம் அஞ்சுகிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

செங்கல்_சன்னல் எழுதியது:

அச்சம் நியாயம், தீர்வுதான் தவறு. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, நம்மைப் போன்ற புழுக்கமான தட்பவெப்பத்தில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பாக இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பெயின்ட் அடித்து மூடிவிட்டால் காகிதத்தில்தான் அந்த ஜன்னல் இருக்கும்.

திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் 1970களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் போய்ப் பாருங்கள். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச்சுவர் அங்கே எங்கும் உண்டு. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், காற்று வரும், வெயில் சிறு சிறு துண்டுகளாகத் தரையில் விழும். பகலில் வெளியே இருப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாது, ஏனென்றால் உள்ளே வெளியை விட இருட்டு. அதே தத்துவத்தில் சாலைப் பக்க ஜன்னல்களுக்கு வெளியே, ஓர் அடி தள்ளி, ஜன்னலின் கீழ்ப்பாதி உயரத்துக்குச் சுடுமண் ஜாலி (துளைகளுள்ள தடுப்பு) வைக்கலாம். அதன் பின் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம். இரவில் விளக்கெரியும்போது நிலைமை தலைகீழாகும் என்பதால் உட்புறத் திரையும் வேண்டும். கட்டடத்தின் தாங்குதிறனைப் பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகே மேல்தளங்களில் இதைச் செய்யுங்கள்.

உளமருத்துவர்_கோவை எழுதியது:

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் பொருட்டு. 1995இல் வெளியான ஓர் ஆய்வில் டெனசன், சிம்ப்ரிச் என்ற இருவர் விடுதியில் வாழ்ந்த 72 மாணவர்களை ஒப்பிட்டார்கள். ஜன்னல் வழியே மரமும் பசுமையும் தெரிந்தவர்கள் கவனத்தை நிலைநிறுத்தும் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். பணம் மிஞ்சினால் சுற்றுச்சுவர் ஓரமாக வேம்பும் புங்கமும் நடுங்கள். நட்டவர்களுக்குப் பயன் இருக்காது, ஆனால் இன்று முதலாண்டு படிப்பவளின் தங்கை அந்த நிழலைப் பார்ப்பாள்.

டிரங்குப்பெட்டி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் அரசு நல விடுதி ஒன்றில் வளர்ந்தவன். எங்களுக்குக் கட்டில் கிடையாது. ஜமக்காளம் விரித்துப் படுப்போம், காலையில் சுருட்டிவைப்போம். மேசை என்பது டிரங்குப்பெட்டியின் மூடிதான். தலைமாட்டு விளக்கு, துளைச்சுவர் என்று நீங்கள் பேசும்போது மறுக்கத் தோன்றவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் இது வர வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். அந்த விடுதியில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பெட்டியின் பூட்டு. உள்ளே பெரிதாக எதுவும் இல்லை: அப்பா எழுதிய கடிதங்கள், ஒரு சட்டை, கொஞ்சம் சில்லறை. ஆனால் அந்தக் கட்டடத்திலேயே என் அனுமதி இல்லாமல் யாரும் தொட முடியாத ஓர் அடி இடம் அது. வார்டன் அம்மா, மாணவிகள் அலமாரியைத்தான் முதலில் கேட்டார்கள் என்று எழுதினீர்கள். அதைச் சிறிய விஷயமாக நினைத்துவிடாதீர்கள். சாவி அவர்களிடமே இருக்கட்டும். மாற்றுச் சாவி அலுவலகத்தில் இருந்தால், மாணவி பக்கத்தில் இல்லாமல் திறப்பதில்லை என்று விதி எழுதிவையுங்கள்.

வண்ணம்_மதுரை எழுதியது:

உள்ளலங்காரத் துறையில் இருப்பவள் என்ற முறையில் நிறத்துக்காகப் பேச வேண்டியிருக்கிறது. நிறம் மனநோயைத் தீர்க்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூரையின் அடிப்பக்கமும் ஜன்னலை ஒட்டிய சுவர்களும் வெள்ளையாக, பளபளப்பில்லாமல் இருந்தால் பகல் வெளிச்சம் அறையின் உள்மூலை வரை எட்டும். இப்போது பல விடுதிகளில் அழுக்குத் தெரியக் கூடாதென்று இடுப்பளவு வரை அடர்பழுப்பு எண்ணெய்ப் பெயின்ட் அடிக்கிறார்கள். அது வந்த வெளிச்சத்தை எல்லாம் விழுங்கிவிடும். எனவே பெயின்ட்டுக்கும் கொஞ்சம் பணம் வையுங்கள்.

ஒரு சுவரில் ஆணி அடிக்கவும் ஒட்டவும் அனுமதியுங்கள். கட்டிலுக்கு ஒரு தக்கைப்பலகை என்றாலும் போதும். குடும்பப் படமோ கால அட்டவணையோ அபிமான நடிகரோ, அவள் விரும்பியது அங்கே வரட்டும். நாம் தேர்ந்தெடுத்த வண்ணத்துப்பூச்சியை விட அது அவளுக்கு நெருக்கம்.

வார்டன்_காவிரிக்கரை எழுதியது:

நன்றி அம்மா. வராந்தா பற்றி ஒரு கேள்வி. டாக்டர் ஐயா சொன்ன ஆய்வைப் படித்ததும் எங்கள் தளங்கள் அப்படியே கண்முன் வந்தன. கட்டடத்தை இடித்துக் கட்ட முடியாது. அதை வைத்துக்கொண்டே ஏதாவது செய்ய முடியுமா?

உளமருத்துவர்_கோவை எழுதியது:

முடியும், செய்தும் பார்த்திருக்கிறார்கள். அதே பாம், கிளென் டேவிஸ் என்பவரோடு சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஆய்வு. ஏறத்தாழ நாற்பது பேர் வாழ்ந்த ஒரு நீண்ட வராந்தாவின் நடுவில் மூன்று அறைகளை எடுத்துப் பொதுக்கூடமாக்கி, கதவுகள் போட்டு, தளத்தை இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். வேறெதையும் மாற்றவில்லை. சில வாரங்களில் அந்தத் தளத்தில் நட்புகள் கூடின, நெரிசல் உணர்வு குறைந்தது, கதவுகள் அதிக நேரம் திறந்து கிடந்தன. பிரிக்காத தளத்தில் இந்த மாற்றம் இல்லை.

செங்கல்_சன்னல் எழுதியது:

உங்கள் விடுதியில் மூன்று அறைகளை விட்டுக்கொடுக்க நிர்வாகம் தயங்கும். படுக்கைக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு இருக்கிறது. தளத்துக்கு ஓர் அறையாவது கேளுங்கள். வராந்தாவின் நடுப்பகுதியில், ஜன்னல் உள்ள அறை. வராந்தாப் பக்கச் சுவரை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு, உட்காரும் அகலத்தில் திண்ணையாக முடித்துவிடலாம். ஆனால் அது பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளர் சொல்லாமல் கைவைக்கக் கூடாது. திண்ணையில் கடந்து போகிறவள் ஐந்து நிமிடம் உட்காரலாம், பிடித்தால் உள்ளே வரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கதவுள்ள அறைக்குள் நுழைவதற்குத் தயங்கும் பெண்ணுக்கு அது பெரிய உதவி. தொலைக்காட்சிப் பெட்டியை அங்கே வைக்காதீர்கள். வைத்தால் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருவார்கள்.

போன் பேச, மாடிப்படிக்குக் கீழே வீணாகும் இடத்தில் கதவுடன் ஒரு சிற்றறை. கதவின் மேற்பகுதியில் கண்ணாடி, உள்ளே இருக்கை, சுவர்களில் தடித்த துணிப்பலகை. செலவு அதிகம் ஆகாது.

வார்டன்_காவிரிக்கரை எழுதியது:

இன்று குழுவில் பேசினேன். தலைமாட்டு விளக்கும் பிளக்கும் ஒப்புக்கொண்டார்கள். பூட்டுள்ள அலமாரி, மேல்தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, அறைக்கூரைக்கு வெள்ளை, ஒவ்வொரு தளத்திலும் 14416, எல்லாம் சரி. மின்விசிறிகளுக்குப் பாதுகாப்புச் சாதனத்தைக் கல்லூரிச் செலவிலேயே செய்வதாகச் சொன்னார்கள். ஜாலியை முதலில் தரைத்தளத்தில் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். பொது அறைக்கு ஒரே ஒரு தளத்தில் அனுமதி, ஓராண்டுக்குப் பின் மறுபரிசீலனை. வண்ணத்துப்பூச்சிகள் வரவேற்பறைக்குப் போய்விட்டன. ஆலோசகர் பணியிடம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள், நான் விடப்போவதில்லை.

கட்டில் திரைக்குத் துணி வாங்கக் கரூருக்குப் போகிறேன். என்ன துணி, எப்படி மாட்டுவது என்று யாராவது சொல்லுங்கள். தீப்பிடிக்குமோ என்ற கவலையும் இருக்கிறது.

செங்கல்_சன்னல் எழுதியது:

எளிதில் தீப்பற்றாத வகைத் துணி கரூரில் கேட்டால் காட்டுவார்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். பிளக்கும் விளக்கும் திரைக்கு வெளியே அல்லது திரை உரசாத பக்கச் சுவரில் வர வேண்டும். அறைக்குள் கொசுவத்தி கூடாது. அதற்குப் பதில் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். கம்பியைக் கூரை வரை ஏற்றாமல், உட்கார்ந்தால் தலை மறையும் உயரத்தில் கட்டில் சட்டத்தோடேயே பொருத்துங்கள். மேலே திறந்திருந்தால்தான் விசிறிக் காற்று உள்ளே போகும். கனமான கம்பி வேண்டாம், இழுத்தால் கழன்று வரும் இலகுவான வகை போதும்.

வயரிங் முடிந்த பிறகே பெயின்ட். தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போவதற்கு முன்பு ஒரு மாலை, அறைக்கு அறை கட்டில் எங்கே வர வேண்டும் என்று அவர்களையே சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனிடம் அந்தக் கோட்டைக் காட்டி, படுத்தபடி கை எங்கே எட்டுகிறதோ அங்கே சுவிட்சுக்குக் குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.